நாலு ஆம்பளைக் குரல்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. அதைச் சொல்லாமல் மற்றது எதைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காது. இருட்டின பிறகுதான் வரும். பகலில் வராது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆள் நின்றுகொண்டு தொண்டையைக் கனைக்கிற மாதிரி. பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால் கனைப்பார்கள் பாருங்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று, அந்த மாதிரி. ‘கர்ஹ்ம்.’ அவ்வளவுதான். அதற்கப்புறம் கூப்பிட மாட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், கூப்பிட மாட்டான். கூப்பிட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை.

உட்காருங்கள். அந்தத் துணியைத் தள்ளிவிட்டு உட்காருங்கள், துவைத்ததுதான். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தானே மாடியேறி வந்தீர்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கீழ்வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மேலே ஒருத்தி, அதுவும் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இந்தச் சத்தத்தில் டிவி போடுகிறாளே என்று நினைப்பீர்கள். நினையுங்கள். குறைக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் மாட்டேன்.

இவன்தான் ஆட்ரின். வருகிற பொங்கலுக்கு மூன்று வயது. ஆட்ரின், பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு.

கேட்டீர்களா? “வணக்கம், வவாதத்துக்குப் போலாம்.” விவாதத்தைத்தான் அப்படிச் சொல்கிறான். சிரிக்காதீர்கள் அக்கா. எல்லாரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அப்புறம்தான் ஒரு மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சலேத் மதினி உங்களிடம் போன் நம்பர் கொடுத்தார்கள் இல்லையா? அதுதான், என் வீட்டுக்காரரின் அக்கா. நீங்கள் சாமான் இறக்கின அன்றைக்கு, கேட் பக்கத்தில். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். “ராத்திரி டிவி சத்தம் கேட்டா எனக்கு ஒரு போனப் போடுங்க” என்று சொல்லியிருப்பார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். எதற்குச் சொன்னார்கள் என்று தெரியுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து இவனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். இவன் அப்பா கப்பலிலிருந்து இறங்குகிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டுமாம். “எங்க வீட்ல அந்த டிவிச் சவம் கெடையாது. பிள்ள மனுசனா வளரும்.” அவரும் சரி என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வரலாமா என்று கேட்டால், “நீ எதுக்குட்டி? வாடகை குடுக்குத வீட்டப் பூட்டிப் போடவா?” என்கிறார்கள்.

கொடுக்க மாட்டேன். மதினியிடம் சொல்லுங்கள், போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இவனை நான் ஒரு நாள்கூட கார்ட்டூன் பார்க்க விட்டதில்லை. ஒரு நாள்கூட! என்னோடு கான்வென்டில் படித்தவர்கள் எல்லாம் பிள்ளை கையில் போனைக் கொடுத்துத்தான் சோறூட்டுகிறார்கள். நான் போனைத் தொடவே விட மாட்டேன். அந்த விஷயத்தில் நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். டிவி ஓடும், அது வேறு. டிவி ஓடுவது வேறு, பிள்ளை டிவி பார்ப்பது வேறு. இந்த வித்தியாசம் ஒருத்தருக்கும் புரிய மாட்டேன் என்கிறது. அது இவனுக்காகப் போட்டதே இல்லை.

எனக்காகவும் இல்லை. வெளியே நிற்கிறவனுக்காக.

அவர் ஈஸ்டர் முடிந்து கப்பலேறினார். கீழே உங்கள் வீடு அப்போது காலி, மேலே மொட்டை மாடி, எதிரே உப்பளம். கூப்பிட்டால் உப்புக்குத்தான் கேட்கும். மழை தொடங்கின பிறகு ஒரு நாள் இருட்டினதும் அந்தக் கனைப்பு. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாளும் வந்தது. அப்போதுதான் டிவியை நினைத்தேன். உள்ளே ஆள் பேசுகிற சத்தம் கேட்டால் வெளியே இருக்கிறவன் யோசிப்பான் இல்லையா?

சும்மா போட்டுவிடவில்லை அக்கா, நன்றாக யோசித்துத்தான் போட்டேன். கார்ட்டூன் வைக்கலாமா? அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டால் எந்தத் திருடன் பயப்படுவான். சீரியலில் எந்நேரமும் ஒரு பொம்பளை அழுகிறாள். அழுகிற சத்தம் கேட்டால் இன்னும் வசதி என்று உள்ளே வந்துவிடுவான். பாட்டு வைத்தால், சரி, ஏதோ விசேஷ வீடு, நாமும் எட்டிப் பார்ப்போம் என்று தோன்றும். கடைசியில்தான் இந்த விவாதம் அகப்பட்டது. நாலு ஆம்பளைகள். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்க மாட்டார்கள், நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஒரு வீட்டுக்குள் நாலு ஆம்பளை சண்டை போட்டுக்கொண்டிருந்தால் எவன் அக்கா உள்ளே வருவான்? சொல்லுங்கள். எட்டு மணிக்கு முதல் விவாதம், ஒன்பது மணிக்கு அடுத்த சேனலில், அப்புறம் மறு ஒளிபரப்பு. அவ்வளவு சத்தமாக வைத்தேன், கனைப்பு கேட்கவே இல்லை. ஓடியே போய்விட்டான் என்று நினைத்தேன், நிறுத்தினால் திரும்பி வந்துவிடுவான் என்றுதான் அணைப்பதில்லை.

வாசலில் ஆம்பளைச் செருப்பு பார்த்திருப்பீர்களே? அவருடையது. தினமும் இடம் மாற்றி வைப்பேன். ஒரு நாள் நேராக, ஒரு நாள் அவசரத்தில் கழற்றிப் போட்ட மாதிரி. அதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆட்ரின், அது வாயில் போடுகிறதா? எடு.

“ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்.” பார்த்தீர்களா, கையை வேறு உயர்த்துகிறான். நெறியாளர் செய்கிற மாதிரியே.

இதைத்தான் பெரிய குற்றமாக்கிவிட்டார்கள். நடந்தது என்னவென்றால், போன மாசம் அவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோ காலில் வந்தார். மதினியையும் சேர்த்துக்கொண்டார். இவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முகம் உறைந்து உறைந்து வருகிறது. இவன் உடனே, “இணைப்புல இருங்க சார்” என்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்பாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் நீட்டிட்டாங்கடா, கிறிஸ்மஸுக்கு வர முடியாது போலடா ராஜா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இவன் கையை உயர்த்தி, “சார், உங்க நேரம் முடிஞ்சிருச்சு” என்றான்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இணைப்பு சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவர் அசையவே இல்லை.

மதினிதான் கத்தினார்கள். “ஏட்டி, பெத்த தகப்பன சார்ங்கான்! நேரம் முடிஞ்சிருச்சுங்கான்! கான்வென்ட்ல படிச்சவ வளக்குத லெட்சணமாட்டி இது? சவத்த அணைட்டி மொதல்ல!”

நான் அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

அப்புறம் மதினியே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் டாக்டர். “எவ்வளவு நேரம் டிவி பாக்கறான்?” என்று அந்தம்மா கேட்டார்கள். பார்ப்பதே இல்லை டாக்டர் என்றேன். மதினி மூக்கால் சிரித்தார்கள். டாக்டர் இவனிடம் குனிந்து, “உங்க பேர் என்ன தம்பி?” என்று கேட்டார்கள். “நேரடியா கேள்விக்கு வாங்க” என்றான். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு ஒரு மஞ்சள் பந்தை எடுத்து, இவன் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்துகொண்டார்கள். இவன் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மதினி எடுத்துக் கொடுக்கப் போனார்கள், டாக்டர் வேண்டாம் என்று கை காட்டினார்கள். ரொம்ப நேரம் நின்றான் அக்கா. அழவில்லை, கேட்கவில்லை. அப்புறம் திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

“வேணும்னு கேக்க மாட்டானா?”

“மாட்டான் டாக்டர். ரொம்ப சமத்து. தாகம் எடுத்தால்கூடக் குடத்துப் பக்கத்தில் போய் நிற்பானே தவிர, கேட்டு ஒரு நாள் அடம் பிடித்ததில்லை.” பெருமையாகத்தான் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் கடையில் புரண்டு அழுவதைப் பார்த்திருக்கிறோம்?

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்கள். “இந்த வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல டிவி வேண்டாம்மா. அதுவும் நீ பக்கத்துல உக்காந்து, அதைப் பத்திப் பேசிக்கிட்டே பாத்தாத்தான். டிவி பேசிக்கிட்டே இருக்கும், ஆனா பிள்ளை கேட்டா பதில் சொல்லாது. பதில் வராத எடத்துல எதுக்குக் கேக்கணும்னு பிள்ளை கேக்கறதையே விட்டுரும். வார்த்தை நிறைய வச்சிருக்கான். ஒண்ணுகூட அவனுக்கு வேணுங்கிறதைக் கேக்கற வார்த்தை இல்ல.”

மனுஷர்கள் மட்டும் பதில் சொல்லிவிடுகிறார்களா டாக்டர் என்று கேட்டிருப்பேன். நாக்கு வரைக்கும் வந்தது. மதினி பக்கத்தில் இருந்ததால் விட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். இந்தக் கனைப்பைப் பற்றி இவன் அப்பாவிடம் சொன்னேன். அவர், “என்ன, பேய்க்குச் சளி பிடிச்சிருக்கா? கசாயம் வச்சுக் குடு” என்றார். கப்பலில் எல்லாரிடமும் சொல்லியிருப்பார். வீட்டு ஓனர் மாமாவிடம், கதவு இறங்கிவிட்டது, தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேரே வரவில்லை, ஆசாரியை அனுப்புங்கள் என்றேன். “பூட்டுதான் இருக்கேம்மா, நல்ல கம்பெனிப் பூட்டு” என்றார். அந்தப் பூட்டுக்கு எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் எத்தனை பேரிடம் சாவி இருக்கிறதோ! அவருக்கென்ன.

மறுபடி ஏன் கேட்கவில்லையா? நான் எதையும் ரெண்டாவது தடவை கேட்க மாட்டேன் அக்கா. எங்கள் ஹாஸ்டலில் சிஸ்டர் பெனிஞ்ஞா வளர்த்த வளர்ப்பு அது. “ஒரு தடவை கேள். கிடைக்கலையா, ஆண்டவருக்கு ஒப்புக்கொடு.” பசியா, ஒப்புக்கொடு. குளிரா, ஒப்புக்கொடு. ஐந்தாம் வகுப்பில் ஒரு சாயங்காலம், ஸ்டடி நேரத்தில், பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டேன். சிஸ்டர் காதில் விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பாவாடை நனைந்து பெஞ்சும் நனைந்துவிட்டது. ஆனால் ரெண்டாவது தடவை கேட்கவில்லை. அந்த வருஷம் நன்னடத்தை மெடல் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான்! அந்த அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

தாழ்ப்பாளா? அதுதான் சொன்னேனே, விழாது. மழைக்குக் கதவு ஊதி, கீல் பக்கம் தளர்ந்து, இந்தப் பக்கம் இறங்கிப்போய்விட்டது. ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால் நேரே வரும். ரெண்டு கையும் கதவில் இருந்தால் தாழ்ப்பாளை எந்தக் கையால் தள்ளுவது? பிள்ளை வேறு இடுப்பில். ராத்திரி சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் மேல் டிவியை ஏற்றி வைத்துவிடுவேன். கதவோடு ஒட்டினாற்போல் இருந்தால் சத்தம் நன்றாக வெளியே போகும் பாருங்கள். ஆமாம், அதுதான் உங்கள் தலைக்கு மேல் தினமும் இழுபடுகிற சத்தம். அதுவும் நான்தான்.

விடியுமுன் உங்களுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடுமா? மீன் கம்பெனியிலா? நாள் பூராவும் பனிக்கட்டியில் கை வைத்துவிட்டு வந்து தூங்காவிட்டால் எப்படி. தெரியவில்லை எனக்கு. நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, உங்களுக்காக ஐந்து நிமிஷம் ஊமையாக்குகிறேன். அணைக்கமாட்டேன், படம் ஓடட்டும். நீங்கள் உட்கார்ந்திருப்பதால்தான். போனதும் மறுபடி கூட்டிவிடுவேன்.

என்ன அமைதியாக இருக்கிறது. காற்றுகூடக் கேட்கிறது. வாடை தொடங்கிவிட்டது, உப்பளத்திலிருந்து நேராக...

அக்கா.

கேட்டீர்களா? கேட்டீர்களா இல்லையா? அதுதான். ‘கர்ஹ்ம்.’ ஓடவே இல்லை, அங்கேயேதான் நின்றிருக்கிறான். இத்தனை நாளும் நின்றிருக்கிறான். ஆட்ரின், இங்கே வா. அம்மாவிடம் வா. அக்கா, திறக்காதீர்கள். அக்கா! உங்களுக்குப் பைத்தியமா, திறக்காதீர்கள் என்கிறேன்...

யாரும் இல்லையா?

படியில் பாருங்கள். மேல் படியிலும். செருப்பு மட்டும்தானா?

என்ன செய்கிறீர்கள்? கதவை எதற்கு ஆட்டுகிறீர்கள்?

இன்னொரு தடவை ஆட்டுங்கள்.

கீழேயா? அந்த மூலையிலா? டைல்ஸில் உரசுகிறதா? ராத்திரிக் காற்று தள்ளும்போது... சிரிக்காதீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள். கதவேதான் கனைத்திருக்கிறது. நான் ஒரு கதவுக்குப் பயந்து நாலு ஆம்பளையை வீட்டுக்குள் கூட்டி வைத்திருந்திருக்கிறேன். அவர்கள் போட்ட கூச்சலில் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போய்விட்டது. மதினிக்குத் தெரிந்தால் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆனால் ஒன்று. கதவாகவே இருக்கட்டும், அதனால் என்ன? தாழ்ப்பாள் விழவில்லை என்பது நிஜம்தானே? எவனெவனிடமோ சாவி இருக்கிறது என்பது நிஜம்தானே? நான் பயந்தது கதவுக்கு என்றால், பயமே பொய்யாகிவிடுமா? நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்தையும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள் மதினியிடம்.

போகிறீர்களா? சரி, வண்டி வந்துவிடும் உங்களுக்கு. இல்லை, ஒன்றுமில்லை. போங்கள்.

அக்கா, இருங்கள். வெளியேயே நில்லுங்கள். ஒன்று கேட்கிறேன். அந்தக் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்து, கதவைக் கொஞ்சம் மேலே தூக்குகிறீர்களா? நான் உள்ளேயிருந்து சாத்திக்கொள்கிறேன். நீங்கள் தூக்கினால் நான் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவேன்.

சாத்திவிட்டேன். ம், தூக்குங்கள்.

இல்லை, விழவில்லை. ஓட்டையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

என்ன? நாளைக்கா? உங்கள் தம்பியைக் கூட்டிவந்து கீலை முடுக்கித் தருகிறீர்களா? சரி, உங்கள் இஷ்டம்.

இல்லை. சரி இல்லை. நாளைக்கு வேண்டாம் அக்கா. போய்விட்டீர்களா? இருக்கிறீர்களா? இன்னொரு தடவை தூக்குங்கள். கேட்கிறதா? ரெண்டாவது தடவை கேட்கிறேன். விழாவிட்டால் மூன்றாவது தடவையும் கேட்பேன், உங்களைப் போக விட மாட்டேன். தூக்குங்க அக்கா! இன்னும் தூக்குங்க!

பொறுங்கள். அப்படியே பிடித்திருங்கள், விட்டுவிடாதீர்கள். இங்கே இவன் என் காலைப் பிடித்து இழுக்கிறான்.

என்னடா? என்ன சொன்னாய்?

அக்கா, உங்களுக்குக் கேட்டதா? இவன் சொன்னது கேட்டதா? ரெண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறான். “தூக்குங்க” என்கிறான். என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான் அக்கா, டிவியைப் பார்த்து இல்லை. இதோ, மறுபடியும். “தூக்குங்க.” ரெண்டாவது தடவை கேட்கிறான்.

வா, வா. தூக்கிவிட்டேன். தூக்கிவிட்டேன்டா ராஜா.

அக்கா, உங்கள் கை வலிக்கும், தெரியும். இதோ, ஒரு கையில் இவன், ஒரு கையில் தாழ்ப்பாள். இன்னும் ஒரு பொட்டு மேலே தூக்குங்க. ஒரே ஒரு பொட்டு.

விழுந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை மதினி வரட்டும். வந்து இந்தக் கதவைத் தட்டட்டும். நீங்கள் கையை எடுங்கள் அக்கா. எடுத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள். பயப்படாமல் தோளைக் கொடுத்துத் தள்ளுங்கள். இன்னும் நன்றாகத் தள்ளுங்கள்.